கதவு திறக்காத வீட்டு வாலை

முதல் வாலையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணாடியா, இரும்பா, செம்பா? எத்தனை லீற்றர்? மூட்டுகளை எதனால் ஒட்டியிருக்கிறார்கள்? அவ்வளவையும் ஒரே வார இறுதியில் வாசித்து முடித்துவிட்டேன். பாத்திரம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பார்த்து வாங்கு என மட்டும் ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

வாலை என்றால் மந்திரப் பொருள் ஒன்றுமில்லை. மூடிய பானையில் தண்ணீர் கொதிக்கும். ஆவி கழுத்து வழியாக ஏறி, குளிர்ந்த குழாய்க்குள் இறங்கி, மறுபடி தண்ணீராகச் சொட்டும். பானைக்குள் ரோஜாவைப் போட்டால் சொட்டுகிற தண்ணீரில் ரோஜா இருக்கும். நொதித்ததைப் போட்டால் சாராயம் வரும். அதற்கு இந்த நாட்டில் அனுமதி எடுக்க வேண்டும். எனக்குச் சாராயம் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது கறிவேப்பிலை.

அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்த முடியவில்லை. பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“கெமிஸ்ட்ரி படிப்பிச்சது கசிப்புச் சாராயம் காச்சவோ?”

“கறிவேப்பிலை வடிக்கப் போறன் அப்பா.”

“கறிவேப்பிலைக் கசிப்போ? அதை ஆரடி குடிப்பினம்? கவுன்சில்காரன் வந்து கதவில தட்டினால், உந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாதெண்டு சொல்லிப்போடுவன்.”

உண்மையில் இது அம்மாவின் மூக்குக்காக. அந்தத் தொற்றுக் காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மணம் போனது; எல்லோருக்கும் திரும்பி வந்தது; அம்மாவுக்கு வரவில்லை. வருடங்கள் போயும் வரவில்லை. வேறொருவர் என்றால் சமாளித்திருப்பார். அம்மா தூள் வறுக்கிறவர். லூயிஷாமில் எங்கள் குசினியில் செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்துத் திரித்து, கோயிலில் பழகியவர்கள், அவர்களின் மச்சாள்மார், மச்சாள்மாரின் அயலவர்கள் என்று பாதி லண்டனுக்குக் கொடுக்கிறவர். மிளகாய் சிவந்து முடிவதற்கும் கருகத் தொடங்குவதற்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் அடுப்பை நிறுத்த வேண்டும். குசினி வெளிச்சத்தில் நிறத்தை நம்ப முடியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு தடவை தாச்சிச் சட்டி முழுவதும் கருகிப்போனது. அம்மா யாருக்கும் சொல்லவில்லை. கருகியதைக் குப்பைப் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி வெளியே வைத்தார்.

“மூக்கில்லாதவளின்ர தூள் எண்டு ஒருக்கா கதை வெளிக்கிட்டால், எல்லாம் முடிஞ்சுது. பேந்து நான் அடுப்பை மூடிப்போட்டு இருக்க வேண்டியதுதான்.”

அன்றிலிருந்து அம்மாவின் மூக்கு நான்தான். வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களில், கணினியில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கீழேயிருந்து குரல் வரும்: “பிள்ளை, ஓடி வந்து மணந்து பார்!” படிகளில் தாவி இறங்குவேன். தாச்சிக்கு மேலே குனிந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், சரி நிப்பாட்டுங்கோ என்பேன். திரும்ப ஏறி, இருமலை அடக்கிக்கொண்டு கூட்டத்தில் உட்காருவேன். ஜனவரியில் கிளாஸ்கோவில் மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. மூக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாதே.

வைத்தியர் நான்கு சிறிய போத்தல்களை வாங்கச் சொன்னார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் முகர்ந்து, அந்த மணம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டுமாம். மூக்குக்கு அது ஒரு பயிற்சி. அம்மா சில மாதங்கள் செய்தார். பிறகு போத்தல்களைச் சாமித்தட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

“ரோசாப்பூவுக்கும் எனக்கும் எண்டைக்கடி உறவு? ஞாபகத்தில இருந்தாலெல்லோ நினைக்கிறதுக்கு.”

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஞாபகத்தில் இருப்பவற்றை வடித்துக் கொடுத்தால்? கறிவேப்பிலை, குழம்பில் போடும் றம்பை இலை, கறுவாப் பட்டை, வறுத்த மல்லி. கடையில் இவற்றின் எண்ணெய் கிடைக்கும்தான். முகர்ந்து பார்த்தேன், கறுவா சூயிங்கம் மாதிரி இருந்தது. நானே வடிப்பேன் என்று முடிவு செய்தேன்.

பல்கலைக்கழகத்தில் பழகியது கண்ணாடி வாலை. உள்ளே நடப்பது எல்லாம் தெரியும், அழகுதான். ஆனால் எங்கள் குசினியில் ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் கூட ஒரு வருடம் தாண்டியதில்லை. மின்சாரத்தில் ஓடும் இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. கேத்தில் போலத் தண்ணீர் ஊற்றி ஆளியைப் போட்டால் போதும். வாங்கியவர்கள் எல்லோரும் முதல் மாதம் பிளாஸ்ரிக் மணம் என்று எழுதியிருந்தார்கள். மணமில்லாத மூக்குக்கு முதல் மணம் பிளாஸ்ரிக்கா? மிஞ்சியது செம்பு. வெங்காயம் போன்ற தலை, கொக்குப் போன்ற கழுத்து, பக்கத்தில் குழாய்ச் சுருளுடன் ஒரு குளிர்த்தொட்டி. இலைகள் வேகும்போது எழும்பும் கெட்ட வாடையைச் செம்பு பிடித்துக்கொள்ளும், நல்லதை விட்டுவிடும் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். எதைப் பிடித்துக்கொள்ளும், எதை விடும் என்று செம்புக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

பெரிதாக வாங்காதே, ஐந்து லீற்றர் போதும், மூட்டில் ஈயம் இல்லையா என்று பார். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு தேடியபோதுதான் பழைய பொருள் விற்கும் செயலியில் அந்தப் படம் வந்தது. ஐந்து லீற்றர், செம்பு, மனைவியுடையது, பிரான்சிலிருந்து கொண்டுவந்தது, கொஞ்சமே பாவித்தது. இடம் சட்டன், லண்டனின் தெற்கு ஓரம். எழுதிக் கேட்டேன். தமிழில் பதில் வந்தது.

நவம்பர் மாதம். நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் மத்தியானமே போனேன். வரிசை வீடுகளில் ஒன்று. மணியை அடித்தவுடன் கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்தது.

“வாங்கோ, கெதியா வாங்கோ. கதவைச் சாத்துங்கோ, கதவைச் சாத்துங்கோ.”

அப்பாவைவிடக் கொஞ்சம் வயது கூடியவர். தாடி வளர்ந்திருந்தது. பிரான்சில் நீண்ட காலம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்களின் பேச்சு. வசனத்துக்கு நடுவில் ‘அப்படியா’ என்கிற பிரெஞ்சு ‘ஆ பொன்’ ஒன்று வந்து விழும். வீட்டுக்குள் ஹீற்றர் இல்லை. ஆனால் காற்றும் இல்லை. ஜன்னல்களின் ஓரம் முழுக்கப் பெட்டி ஒட்டும் மண்ணிற ரேப் ஒட்டியிருந்தது. சமையலறைக் கதவுக்குக் கீழே ஒரு துவாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. புகைபோக்கியின் வாயில் தலையணை. காஸ் பில் ஏறியதிலிருந்து எல்லோரும் இப்படித்தான், குளிர் வராமல் ஒட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணம் இருக்குமே, அது மட்டும் அந்த வீட்டில் கொஞ்சம் கட்டியாக இருந்தது. தலை எண்ணெய், பவுடர், அதற்குக் கீழே இலேசாகப் புளித்த ஏதோ ஒன்று. கவனித்தேன், மறந்தேன்.

வாலை மேசையில் இருந்தது. கழுத்தைத் தடவினேன். மூட்டில் சோதனைக் குச்சியைத் தேய்த்தேன், நிறம் மாறவில்லை. ஈயம் இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. அம்மாவின் மூக்கு, கறிவேப்பிலை, மூக்குப் பயிற்சி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நின்றபடியே கேட்டார்.

“உங்கட அம்மாவுக்கு ஒண்டுமே மணக்காதோ?”

“ஒண்டுமே மணக்காது அங்கிள்.”

“ஆ பொன்.” கொஞ்சம் யோசித்தார். “மணம் தண்ணிக்குள்ள எவ்வளவு காலம் நிக்கும் பிள்ளை?”

“இறுக்கி மூடி பிரிட்ஜில வைச்சால் ஒரு வருசம் நிக்கும்.”

“துணியில இருக்கிற மணம்?”

நான் சிரித்தேன். கெட்டிக்காரி அல்லவா. “இலையிலயும் பூவிலயும் எண்ணெய் இருக்கு அங்கிள், அதுதான் வருது. துணியைப் போட்டு வடிச்சால் சோப்புத்தான் வரும்.”

“ஓம்,” என்றார். “சோப்புத்தான் வந்தது.”

பகிடி என்று எடுத்துக்கொண்டேன். வாலையைப் பைக்குள் வைத்துக்கொண்டே, ஆன்ரியிடமும் சொல்லிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். விளம்பரத்தில் ‘மனைவியுடையது’ என்று இருந்ததே.

“அவ மேல. அவ இப்ப வெளியில போறேல்ல. நான்தான் கதவு திறக்கிறேல்ல.”

நடக்க முடியாதவர் போல என்று நினைத்தேன். வாசலில், எந்த வீட்டிலிருந்து புறப்படும்போதும் வாயில் தானாக வருவதைச் சொன்னேன்.

“அப்ப போட்டு வாறன் அங்கிள்.”

கதவுப் பிடியில் இருந்த கை அப்படியே நின்றது. அவர் என்னை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார்.

“வருவீங்களோ?”

என்ன சொல்வது? “ஓம், வாறன்,” என்றேன்.

“வந்தால் மணி அடிக்க வேண்டாம். தட்டுங்கோ. இண்டைக்கு நீங்கள் வாறதெண்டு தெரியும், சும்மா மணி கேட்டால் நான் பதறி ஓடி வந்து கதவை அகலத் திறந்துபோடுவன்.”

ரயிலில் வாலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சனத்துக்குள் ஒரு மணி நேரம் மடியில் இருந்தும், அந்தச் செம்பு கடைசிவரை சூடாகவில்லை.

அம்மா பழப்புளியும் உப்பும் போட்டு அதைத் தேய்த்தார். கோயில் குத்துவிளக்கு மாதிரி ஆக்கிவிட்டார். கழுத்துக்குள் விரலை விட்டபோது ஏதோ மாட்டியது. இழுத்தார். பச்சை நிற நூல், ஒரு முழ நீளம், ஓரத்தில் கொஞ்சம் சரிகை.

“சேலையை அவிச்சிருக்கினம் போல. பிரான்ஸ்காரர் எல்லாத்தையும் தின்னுவினம் எண்டு தெரியும்.”

நான் சிரிக்கவில்லை. சோப்புத்தான் வந்தது என்ற குரல் காதில் கேட்டது.

புது வாலையில் முதல் தடவை வெறும் தண்ணீர்தான் வடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் அழுக்கை ஆவி கழுவிக்கொண்டு வரும். வருவதைக் கொட்டிவிட வேண்டும். மூட்டுகளில் பசை பூச மாவு பிசையச் சொன்னேன். அம்மாவுக்கு அது புதிதல்ல. புட்டுப் பானைக்கும் அதன்மேல் வைக்கும் நீத்துப்பெட்டிக்கும் நடுவே ஆவி போகாமல் அடைக்கிறவர். கோதுமை மாவைக் குழைத்து ஒரே சுற்றில் அடைத்துவிட்டார். பிறகு பக்கத்து அடுப்பில் மல்லி வறுக்கத் திரும்பினார். ஜன்னலில் நீராவி படிந்து தோட்டம் தெரியவில்லை. கொக்குக் கழுத்து சூடாகி முனகியது. முதல் சொட்டு போத்தலில் விழுந்தது. பிறகு இரண்டாவது.

குனிந்து முகர்ந்தேன். சூடான மாவு, கொஞ்சம் செம்பு. வேறொன்றும் இல்லை.

“ஆர் வந்தது?” என்றார் அம்மா, தாச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒருத்தரும் வரேல்லையே.”

“பொம்பிளையொராள். உனக்குப் பின்னால.”

திரும்பிப் பார்த்தேன். பிரிட்ஜ், துடைப்பம், சுவர்.

“எடி பிள்ளை,” என்றார் அம்மா. அகப்பை கையில் நின்றுவிட்டது. “எனக்கு மணக்குது.”

நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தேன். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. மூக்கு மட்டும் சின்னப் பிள்ளையின் மூக்கு மாதிரி விரிந்து விரிந்து சுருங்கியது.

“என்ன மணக்குது? மல்லியோ?”

“இல்லை இல்லை. மல்லி இல்லை. தலைமயிர். எண்ணெய் வைச்ச ஈரத் தலை, வெந்தயம் போட்டுக் காய்ச்சின எண்ணெய். பவுடர்.” கண்ணை மூடினார். “அதுக்குக் கீழ ஒரு புளிச்ச மணம். கன நாள் படுக்கையில கிடந்த ஆளின்ர மணம்.”

தண்ணீரில் எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது அந்த வீடு. ஒட்டிய ஜன்னல்களுக்குள் நான் கவனித்து மறந்த அதே மணம், அதே வரிசையில்.

படித்தவள் என்ன செய்வாள்? சோதனை செய்வாள். ஒரே மாதிரி மூன்று கோப்பைகளை எடுத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கேத்திலில் கொதித்து ஆறிய தண்ணீர், ஒன்றில் வடித்தது. அம்மாவின் கண்ணைத் துவாயால் கட்டினேன். மாற்றி மாற்றி நீட்டினேன். அம்மா ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. குழாய்த் தண்ணீருக்கு உதட்டைப் பிதுக்கினார். வடித்ததை நீட்டும்போதெல்லாம், கோப்பை மூக்கை நெருங்கும் முன்னாலேயே முகம் திரும்பியது, தெரிந்தவர் கூப்பிட்டால் திரும்புவது போல.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரிடமும் நீட்டினேன். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார்.

“தண்ணி,” என்றார். “இதுக்கோ தாயும் மகளும் காஸை எரிச்சனீங்கள்?”

கொட்டவேண்டிய முதல் தண்ணீரை அம்மா கொட்ட விடவில்லை. ஜாம் போத்தலில் ஊற்றி, பிரிட்ஜில் மாங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் எழுந்து, பல் தீட்டி, போத்தலைத் திறந்து முகர்ந்த பிறகுதான் தேத்தண்ணி. நான் அடுத்த நாளே கறிவேப்பிலை வடித்தேன். குசினி முழுக்க மணந்து, அயல்வீட்டுக்காரி சுவரைத் தாண்டி என்ன சமையல் என்று கேட்டாள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. றம்பை வடித்தேன், ஒன்றுமில்லை. வினாகிரி விட்டு வாலையைக் கழுவி மறுபடி வெறும் தண்ணீர் வடித்தேன், அதிலும் ஒன்றுமில்லை. அந்த ஒரு போத்தல் மட்டும்தான். அம்மாவுக்கு உலகத்தில் மணக்கிற ஒரே பொருள் அது.

அதுவரை எல்லாம் ஆச்சரியம்தான். பயம் வந்தது, அம்மா அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியபோது.

“இண்டைக்கு அவ கொஞ்சம் தெளிவா இருக்கிறா,” என்பார் போத்தலை மூடிக்கொண்டு. ஒரு நாள், “அவவுக்குத் தலை முழுகிற நாள் போல,” என்றார். யார் அவ என்று நான் கேட்கவில்லை. நூலை அம்மா எறியவில்லை என்பதையும் கவனித்தேன். போத்தலின் கழுத்தில் சுற்றிக் கட்டியிருந்தார்.

சட்டனில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி இருக்கிறார். தூள் ஓடர் சொல்லப் போன் எடுத்தவரிடம், பிரான்சிலிருந்து வந்த ஒருவரிடம் செம்புச் சாமான் வாங்கினோம் என்று அம்மா சொன்னார். ஸ்பீக்கரில் இருந்தது, எனக்கும் கேட்டது.

“ஐயோ அக்கா, அவரோ? மனிசி மோசம் போய் இன்னும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கூட முடியேல்ல. கன காலம் படுக்கையில கிடந்த மனிசி. எரிச்சுக் காடாத்தினதுக்குப் பிறகு ஆள் வீட்டுக்குள்ள ஒருத்தரையும் விடுறாரில்லையாம். கோயிலால சாப்பாடு கொண்டுபோனவையையும் கதவுக்கு வெளியில நிக்கச் சொல்லிப்போட்டாராம்.”

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உன்னை விட்டவரெல்லோ.”

“ஓம். வாலை வாங்கத்தானே போனனான்.”

“வெளிக்கிடேக்க என்ன சொன்னனீ?”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. “என்ன சொல்லுறது? போட்டு வாறன் எண்டு சொன்னனான்.”

அம்மா அடுப்பை நிறுத்தினார். செத்த வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும்தான். சொல்லாமல் எழும்பி, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். ஆனால் அது செத்த வீடு என்று எனக்கு யார் சொன்னார்கள்? விளக்கு இல்லை, படம் இல்லை, அழுகை இல்லை.

“அவர் என்ன சொன்னவர்?”

“வருவீங்களோ எண்டு கேட்டவர். ஓம், வாறன் எண்டன்.”

“ரெண்டு தரம் சொல்லியிருக்கிறாய்.”

நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். செம்பு மணத்தைப் பிடித்து வைக்கும் அம்மா. நீண்ட காலம் மணம் இல்லாத மூக்குக்கு இல்லாத மணமும் வரும், அதற்கு வைத்தியத்தில் பெயர்கூட இருக்கிறது. சொல்லிக்கொண்டே போனவள் மூன்று கோப்பைகளை நினைத்து நிறுத்திவிட்டேன்.

“வாறன் எண்டு சொன்னால் போகத்தான் வேணும்,” என்றார் அம்மா. “நானும் வாறன். போத்தலையும் எடு.”

“அதை ஏன்? உங்களுக்கு மணக்கிறது அது ஒண்டுதானே!”

“அது என்ரயே?”

நாங்கள் போன மத்தியானம் தூறிக்கொண்டிருந்தது. மணியைத் தொடாமல் தட்டினேன். கதவு இடுக்காகத் திறந்தது. அதே குரல், கதவைச் சாத்துங்கோ, கதவைச் சாத்துங்கோ. தாடி இன்னும் வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும், எதிர்பார்த்திருந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

கதவு சாத்தியதும் அம்மா அப்படியே நின்றுவிட்டார். ஒரு கையால் சுவரைப் பிடித்தார்.

“இதுதான்,” என்றார். “பிள்ளை, இதுதான்.”

“என்னம்மா?” என்றார் அவர்.

“எனக்கு மூக்கில்லை அண்ணை. ஒண்டும் மணக்காது. ஆனால் அவவை மணக்குது.”

அவர் அம்மாவின் பக்கத்தில் வந்து, இரகசியம் கேட்பது போலக் குனிந்தார்.

“இருக்கிறாவோ?”

“இருக்கிறா. எண்ணெய், பவுடர், ஈரத்தலை. எண்ணெயில வெந்தயம்.”

“கருஞ்சீரகம்,” என்றார் அவர் உடனே. “வெந்தயம் அவவுக்குச் சரிவராது, தடிமன் பிடிக்கும்.” பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். “எனக்கு மணக்கேல்ல தங்கச்சி. முதல் கொஞ்ச நாள் இருந்தது. நான் ஒரு பூட்டு விடாமல் பூட்டினன், ஒரு ஓட்டை விடாமல் ஒட்டினன். பிறகு போட்டுது. எங்கால போச்சுதெண்டு தெரியேல்ல. சேலையைப் போட்டுக் காச்சிப் பார்த்தன். சோப்பு. அந்தச் செம்பைப் பாக்கப் பாக்கக் கோவம் வந்துதான் வித்தனான்.”

அம்மா போத்தலைத் திறந்து நீட்டினார். அவர் முகர்ந்தார். நீண்ட நேரம் முகர்ந்தார்.

“தண்ணி,” என்றார்.

இவ்வளவிலும் எனக்கு இது மட்டும் தெரிந்த விஷயம். ஒரே மணத்துக்குள் இருந்தால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். தன் வீட்டு மணம் யாருக்கும் தெரியாது. வெளியே போய் வந்தால்தான் தெரியும். மணம் போகவில்லை அங்கிள், உங்களுடைய மூக்குத்தான் களைத்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தால் போதும் என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். தலையை ஆட்டினார். “திறந்தால் போயிடும்.”

“நான் உள்ளுக்கு நிக்கிறன்,” என்றார் அம்மா. “மணந்துகொண்டு நிக்கிறன். கொஞ்சம் குறைஞ்சாலும் ஓடிவந்து சொல்லுவன். என்ர மூக்குக்கு வேற வேலை ஒண்டும் இல்லையே அண்ணை.”

அவர் கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கதவை இடுக்காகத் திறந்து, நான் வெளியே நழுவி, அவரும் நழுவி, உடனே சாத்தினோம். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, பழக்கத்தில், “போட்டு வாறன்,” என்றார். யாருக்குச் சொன்னார் என்று நான் பார்க்கவில்லை.

தெருமுனைவரை நடந்து, ரயில் பாலத்துக்குக் கீழால் போய், கடைகளைச் சுற்றி வந்தோம். பாண் சுடும் கடையைத் தாண்டும்போது அவர் நின்று, “ஆ பொன்,” என்று மூச்சை இழுத்தார்.

திரும்பி வாசலுக்கு வந்தபோது உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. மெதுவாக, சாதாரணமாக, ஒரு மச்சாளோடு கதைப்பது போல. ஒன்று சொல்வார், நிறுத்துவார், ம் என்பார், பிறகு சிரிப்பார். “முன்னமே சொல்லுறதெல்லோ” என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. போனில் கதைக்கிறார் என்று நினைத்துத் தட்டக் கையைத் தூக்கினேன். அம்மாவின் போன் என் பைக்குள் இருந்தது.

தட்டினேன். குரல் நின்றது.

அவர்தான் முதலில் உள்ளே போனார். இரண்டு எட்டு வைத்தார். பிறகு, யாரோ நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது போல நின்றார். வாய் திறந்தது. மூக்கால் இழுத்த மூச்சை வெளியே விட மனமில்லாமல் நின்றார். அம்மா படிக்கட்டின் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மற்ற ஓரத்தை விட்டிருந்தார்.

போத்தலை அங்கேயே மேசையில் வைத்தோம், நூலோடு. புறப்படும்போது என் வாய் திறந்தது. அம்மா என் புறங்கையில் கிள்ளினார். ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வந்தோம். ரயிலில் ஆரஞ்சுப் பழம் உரித்த ஒருவருக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். மணக்குதோ என்று கேட்டேன். இல்லை என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிளாஸ்கோவுக்குப் புறப்படும் வாரம், பெரிய ஓடர் ஒன்றுக்கு மிளகாய் வறுத்தார். நான் மேலே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து குரல் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கருகப்போகிறது என்று பதறி, படிகளில் தாவி இறங்கிக் குசினிக்குள் ஓடினேன். தாச்சிக்கு மேலே குனிந்து மூக்கை நீட்டும் முன்னால் அம்மா அடுப்பை நிறுத்தினார். அதே கணம். நான் நிப்பாட்டுங்கோ என்று சொல்லியிருக்கக்கூடிய அதே கணம்.

“மணந்ததோ அம்மா?”

“எனக்கு மணக்கேல்ல,” என்றார்.

மிளகாயை ஆறக் கொட்டினார். அடுத்த தாச்சிக்கு மல்லியை அள்ளினார். அடுப்பை மூட்டிவிட்டு ஒரு ஓரமாகத் தள்ளி நின்றார், ஒரே அடுப்பில் இரண்டு பேர் நின்று வறுக்கும்போது தள்ளி நிற்பது போல.

“நீ போய்ப் பெட்டியை அடுக்கு பிள்ளை,” என்றார். “இஞ்ச நாங்கள் பாப்பம்.”